அமெரிக்காவை விட்டு வராத மடிக்கணினி

பூருல் அக்கா எந்த மடிக்கணினியையும் எடுத்த எடுப்பில் திறந்துவிட மாட்டார். முதலில் அதன் ஓரங்களை விரலால் ஒரு சுற்றுத் தடவுவார். பழைய கணினிகளில் வைஃபையை நிறுத்தும் குட்டிப் பொத்தான் ஒன்று அங்கே ஒளிந்திருக்கும். "பாதி வீட்டுல வியாதியே இதான். கை பட்டு அணைஞ்சிருக்கும், பழி உள்ளே ஓடுற லினக்ஸ் தலையில விழும்" என்பார்.

எங்கள் நரின் ஊர்ச் சந்தையில், துருப்பிடித்த கன்டெய்னர் ஒன்றுக்குள் அவருடைய கணினி பழுதுபார்க்கும் கடை. யார் வீட்டிலும் உட்கார மாட்டார். தேநீரையும் நின்றபடியே குடித்துவிட்டு, "கடையில ஆள் காத்திருக்கு" என்று கிளம்பிவிடுவார். அங்கே பாதி நாள் ஈதான் காத்திருக்கும் என்பது ஊரறிந்த ரகசியம்.

சென்ற செவ்வாய் மதியம் எங்கள் அடுத்த வீட்டு குல்சாத்துக்கு உயிர் போகிற அவசரம். மூன்று மணிக்கு மருந்தாளுநர் தேர்வு, இரண்டு மணி நேரம். இருமுறை தோற்றவள், இதுவே கடைசி வாய்ப்பு. வீட்டிலிருந்தே, கணினியின் கேமரா முன் உட்கார்ந்து, இணையத்தில்தான் எழுத வேண்டும். எங்கள் தெருவில் போன் சிக்னலை நம்பவும் முடியாது. அவளுடைய பழைய லினக்ஸ் கணினியோ, காலையில் புது மோடம் மாட்டியதிலிருந்து வீட்டு வைஃபையைச் சீந்தவே இல்லை.

நான் ஓடிப்போய்ப் பூருல் அக்காவைக் கூட்டி வந்தேன். பொத்தான் சரியாகத்தான் இருந்தது. பூருல் அக்கா கறுப்புத் திரையில் ஏதோ தட்டினார்.

"பக்கத்து வீடு தெரியுது, எதிர்வீடு தெரியுது, சொந்த வீடு மட்டும் தெரியல. இதை எங்கடி வாங்கின?"

"அமெரிக்காவுல இருந்து வந்த பழசுக்கா."

"அதானே பார்த்தேன். இது இன்னும் அங்கேயே குடியிருக்கு. உன் மோடம் வைஃபை அலைவரிசையில பதிமூணாவது சேனல்ல கத்துது. அந்த ஊர்ச் சட்டப்படி பதினொண்ணுக்கு மேல இதுக்குக் காது கேக்காது."

பதற்றத்தில் குல்சாத் தேநீரை விளிம்பு வரை ஊற்றி நீட்டினாள். அக்கா கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்ம ஊர்ல அரைக் கிண்ணம் ஊத்தினா இருன்னு அர்த்தம். தளும்ப ஊத்தினா நடையைக் கட்டுன்னு அர்த்தம். விரட்டுறியா என்னை?"

குல்சாத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா சிரித்துக்கொண்டே ஒரு வரி தட்டினார். "நீ இப்ப நரின்ல இருக்க, புத்தியில ஏறுதா?" என்று கணினியை அதட்டினார். பட்டியலில் குல்சாத் வீட்டு வைஃபை வந்து நின்றது. மணி இரண்டு ஐம்பத்தைந்து. எனக்கே கண் கலங்கிவிட்டது.

குல்சாத் திரைமுன் உட்கார்ந்தாள். "நடுவுல போயிடுச்சுன்னா என்னக்கா பண்றது?"

அக்கா கிண்ணத்துத் தேநீரில் பாதியைக் கெண்டிக்குள் திருப்பி ஊற்றினார். மீதி அரைக் கிண்ணத்தோடு, கேமராவில் விழாத மூலையாகப் பார்த்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.