கோழிக்குஞ்சு வண்டியும் நாற்பத்தெட்டு வோல்ட்டும்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் மீட்டர். வண்டி எலக்ட்ரீஷியன். கையில் மீட்டர் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார். இருந்தால் மூட மாட்டார். பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கும் நான் பதினோரு வருடமாக அந்த வாய்க்குக் காது கொடுத்தவன். தப்பு என்மேல்தான் என்ற வார்த்தை மட்டும் அதிலிருந்து வந்ததே இல்லை. ஒருமுறை அவர் மாட்டிய ஹாரன் தானாக அலறியபோது, ரோட்டில் தூசி ஜாஸ்தி, அதனால்தான் என்று சாதித்தார்.

ஆனால் தொழிலில் ஒரு நல்ல கட்டுப்பாடு வைத்திருந்தார். எந்தப் பாகத்தையும் கெட்டுவிட்டது என்று சொல்வதற்கு முன், அதற்குக் கரண்ட் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துவிடுவார். பட்டினி போட்டவனைச் சோம்பேறி என்று திட்டலாமா என்பார்.

அன்று பகல் பதினோரு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. லாரி ஓட்டும் அவர் தங்கை வந்து நின்றாள். பின்னால் பெட்டி பெட்டியாக ஆறாயிரம் கோழிக்குஞ்சுகள், பொரித்து ஒரு நாள் ஆனவை. இன்ஜின் ஓடினால்தான் உள்ளே காற்றாடி ஓடும். காலையில் வண்டி கிளம்பவே மக்கர் பண்ணியதாம். ஓடும்போதே பார்த்துவிடு என்றாள்.

"அணை. நான் பாத்துக்கிறேன்."

"வேணாண்ணா. அப்புறம் கிளம்பலன்னா குஞ்சு வெந்துடும்."

"எலக்ட்ரீஷியன் நீயா, நானா?"

அணைத்தாள். அதன்பிறகு செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை.

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குக் கரண்ட் அனுப்பும் மாடூல் ஒன்று உண்டு. அதில் நாற்பத்தெட்டு வோல்ட் நிற்க வேண்டும். சாவி போட்டதும் நாற்பத்தெட்டு காட்டியது. செல்ஃப் அடித்ததும் முப்பத்தாறுக்கு இறங்கியது. மாடூல் போச்சு என்று சொல்லிவிட்டார் மனுஷன். பேட்டரியை மட்டும், அதுவும் வண்டி சும்மா நிற்கும்போது, ஒரு தடவை மீட்டரை வைத்துப் பார்த்தார். செல்ஃப் அடிக்கும்போது மாடூலுக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்காமல் அவசரம் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

கடையில் அதே வகை மாடூல் ஒன்று இருந்தது. மாற்ற இருபத்தைந்து நிமிடம். நான் பின்கதவுகளைத் திறந்துவிட்டு ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். முதலில் குஞ்சுகள் காது கிழியும்படி கத்தின. பிறகு சத்தம் குறைந்தது. குறைந்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

புது மாடூலிலும் முப்பத்தாறுதான்.

அதன்பிறகு அவர் கையிலிருந்த மீட்டரின் ஒரு ஒயரைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய முள் மூன்று வோல்ட்டுக்குப் பாய்ந்தது. பேட்டரி மைனஸிலிருந்து வரும் எர்த் ஒயரைச் சேஸில் பூட்டியிருந்த இடத்தைத் தொட்டவர் கையை உதறினார். அப்படிச் சுட்டது. போல்ட்டைக் கழற்றினார். அடியில் கறுப்பு பெயின்ட், பளபளவென்று.

போன மாதம் அந்த இடத்துக்குப் பெயின்ட் அடித்து, கரண்ட் கடத்தாத அந்தப் பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே எர்த் ஒயரைப் பூட்டியவர் அவர்தான். வண்டி ஓட ஓடப் பிடிப்பு தளர்ந்து, செல்ஃப் அடிக்கும்போது மாடூலுக்குப் போகும் கரண்ட் பாதியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

இரும்பு தெரியும்வரை சுரண்டினார். பூட்டியதும் நாற்பத்தெட்டு அசையாமல் நின்றது. இன்ஜின் பிடித்தது, காற்றாடிகள் சுற்றின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மேல்வரிசைப் பெட்டிகளில் பாதிக் குஞ்சுகள் எழவில்லை.

தங்கை அவற்றைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். போன தடவை குஞ்சு செத்ததற்கே கம்பெனிக்காரர்கள் எச்சரித்துவிட்டார்கள், இந்தத் தடவை வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றாள்.

"வெயில்ல நிறுத்திட்டேன்னு சொல்லிக்கிறேன். உன் பேரு வேணாம். நாலு பேர் வர்ற கடை."

சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள். அவர் கையைக்கூடக் கழுவவில்லை. குஞ்சுக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"வண்டிய அணைக்கச் சொன்னது நான். எர்த்தைத் தப்பாப் பூட்டினதும் நான்தான். ஓட்டிட்டு வந்தவங்க அணைக்க வேணாம்னுதான் சொன்னாங்க."

தங்கையை அவர் மரியாதையாக 'வந்தவங்க' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.