மூர்த்தி பார்க்காத ஒரு வயர்

மாமல்லபுரத்து டாக்சிக்காரர்களில் மூர்த்தியைத் தெரியாதவர் கிடையாது. ஹார்ன் அடிக்காத கார், ஹார்ன் நிற்காத கார், பிரேக்கை மிதித்தால் ரேடியோ பாடுகிற கார் எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவர் கடைக்குத்தான் வரும். வேலை முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுப்பார். ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். ஒவ்வொரு முனையிலும் அதை வைத்துப் பார்க்காமல் யாரையும் சாவியைத் தொட விடமாட்டார். "என் கையையே நான் நம்ப மாட்டேன், பல்பு சொன்னாதான்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உபதேசம் வேறு. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு நாள் பல்பைப் பையிலேயே வைத்துவிட்டார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. அவர் தங்கை கல்யாணி குப்பத்தில் மீன் விற்கிறவள். அவள் புருஷன் நரசிம்மன் கடலுக்குப் போனவன்தான். படகைக் கரையேற்றும்போது அலை தூக்கி அடித்ததில் இடுப்பு உடைந்தது. அதற்கப்புறம் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது, குனிய முடியாது. உட்கார மட்டும் முடியும். உட்கார்ந்தே செய்கிற வேலை எந்த ஊரில் கொட்டிக் கிடக்கிறது? மூர்த்திதான் யார் யாரையோ பிடித்து, கடற்கரை ஹோட்டல் ஒன்றில் புல் வெட்டும் சின்ன டிராக்டரில் அவனை ஏற்றிவிட்டார். வெளிநாட்டு டிராக்டர், பழசு. அதன் சீட்டில் ஏறி உட்கார்ந்த அன்றுதான் நரசிம்மன் முகத்தில் மறுபடி ஆம்பிளைக் களை வந்தது என்று கல்யாணி அழுதாள்.

ஆறு வருஷம் ஓடி, அந்தத் தொண்ணூற்றெட்டில் இன்ஜின் ஜாம் ஆகி நின்றது. ஹோட்டல் முதலாளியின் சொந்தக்காரர் யாரோ வெளிநாட்டிலிருந்து வேறொரு இன்ஜினைக் கப்பலில் அனுப்பினார். மேனேஜர் பாலசுப்ரமணியன் கறாராகச் சொல்லிவிட்டார். "வியாழக்கிழமைக்குள்ள ஓடினா சரி. இல்லைன்னா புல்வெளியை கான்ட்ராக்டுக்கு விட்டுடுவேன். நரசிம்மனுக்கு வேற வேலை இங்க இல்ல."

மூர்த்தி மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே கிடந்தார். இன்ஜின் பொருந்திவிட்டது. பழைய வயர்களைப் புது இன்ஜினுக்குச் சேர்ப்பதுதான் பாக்கி. வியாழக்கிழமை மதியம், பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயிலிலிருந்து வந்த ஒற்றை வயரைச் சும்மா தொங்கவிட்டு, ஸ்டார்ட்டருக்கு மட்டும் கரண்ட் கொடுத்துப் பார்த்தார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்த வயரை டிராக்டர் பாடியில் தொட்டார், நின்றது. மொபெட்டில் இருக்கிற அதே விஷயம்தான், சாவியை மூடினால் வயர் பாடியில் சேர்ந்து இன்ஜின் நிற்கும், இதைச் சாவியில் மாட்டினால் போதும் என்று மாட்டினார். மணி ஒன்று பத்து.

ஒன்றரைக்கு ராகுகாலம். அதற்குள் சாவியைத் திருப்ப வேண்டும். ஆனால் சக்கரத்தடியில் வைக்கிற எலுமிச்சம்பழத்தைத் தன் பெண்டாட்டி கையால்தான் வைக்க வேண்டும் என்று நரசிம்மன் சாதித்தான். அவளோ பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். கால் மணி நேரம் மூர்த்திக்கு ஒரு வேலையும் இல்லை. பல்பு பையில்தான் இருந்தது. மனுஷன் என்ன செய்தார்? டீயை வாங்கிக்கொண்டு, இன்ஜினை எப்படி மாட்டினேன் என்று தோட்டக்காரர்களிடம் கதை அளந்துகொண்டிருந்தார்.

கல்யாணி ஓடி வந்தபோது மணி ஒன்று இருபத்தேழு. "பஸ்ஸு பேஜாரு பண்ணிட்சிணா!" என்று மூச்சு வாங்கிக்கொண்டே பழத்தை வைத்தாள், சூடம் காட்டினாள். டிராக்டர் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். நரசிம்மன் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

ஸ்டார்ட்டர் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. இன்னொரு தரம், இன்னொரு தரம். கருகின வாடை ஒன்று லேசாக வந்தது. ஒன்றே முக்கால் வரை திருப்பிக்கொண்டே இருந்தார்கள். பழம் சக்கரத்தடியில் முழுசாகவே இருந்தது. மேனேஜர் வாட்சைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

எல்லோரும் விலகிய பிறகுதான் மூர்த்தி பல்பை எடுத்தார். அந்தக் காயில் வயரைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த முனையில் வைத்துச் சாவியைத் திருப்பினார். பல்பு எரிந்தது. பழைய இன்ஜினின் காயிலுக்குச் சாவி கரண்ட் கொடுக்க வேண்டும். புது இன்ஜினின் காயிலுக்குக் கொடுக்கவே கூடாது. மொபெட் சாவி என்று நினைத்து, பேட்டரி கரண்டை நேராக உள்ளே விட்டுக் காயிலைக் கருக்கியிருந்தார். ஒரு நிமிட வேலை, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாளே மெட்ராஸுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினார். அந்தக் காயில் எங்கும் இல்லை. மாசக் கடைசியில் நரசிம்மன் வேலை போய் வீட்டுக்கு வந்தான். ஐந்து வருஷமாக வாசலில் போட்ட நாற்காலியில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். பேச்சும் குறைந்துவிட்டது. குடும்பம் கல்யாணியின் மீன் கூடையில் ஓடுகிறது.

போன மாசம் தங்கை வீட்டு ஃபேனைச் சரிபார்க்கப் போயிருந்தார் மூர்த்தி. ஒரே வயரில் மூன்று தரம் பல்பை வைத்துப் பார்த்தார்.

"இன்னாணா, ஒரு ஃபேனுக்கு இத்தினி வாட்டி பாக்கற?" என்று கேட்டபடி கல்யாணி சோற்றைப் போட்டாள். வாசலில் இருந்த புருஷனை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத்தான் மனசு ஆறல. அன்னிக்கு முன்னாடி பஸ்ஸ புடிச்சிருந்தா ராகுகாலம் நெருங்கறதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிருக்கலாம். அவரு இன்னும் அந்த சீட்டுல குந்திகினு இருப்பாரு. நான்தாணா கெடுத்தேன்."

இதை அவள் எத்தனையாவது தடவை சொல்கிறாள் என்று மூர்த்திக்குக் கணக்கில்லை. இத்தனை நாள் மறைத்த வயர் விஷயத்தை இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் வருகிறார். வாயைத் திறந்தார். அவள் மீன் துண்டு இரண்டை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

"ஆமாமா," என்றார் மூர்த்தி. "அன்னிக்கு பஸ்ஸு லேட்டு தான்."