தாம்பூலப் பையில் வந்த கண்ணன்

எங்கள் பின்தெருவில் ஒரு பெண் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறாள். என்னைவிட இளையவள், அக்கா என்று கூப்பிடுவாள். பூஜை அறைக்கு ஒரு வெண்ணெய்க் கண்ணன் வேண்டும் என்று அவளிடம் கேட்டிருந்தேன். படம் வளர வளர எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை அணைத்தேனா என்றுகூடப் பார்க்காமல் ஓடிவிடுவேன். கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கன்னத்துக்கு நிறம் ஏற்றி... அடடா, அந்தக் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும்!

கண் மட்டும் பாக்கி. அதைக் கடைசியாக, ஒரு நல்ல நாளில் தலைக்குக் குளித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்துதான் எழுதுவாள்.

“கண்ணு தொறக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்காதீங்கக்கா, நல்லா இருக்காது” என்று சொல்லியும் இருந்தாள்.

என் கை சும்மா இருந்தால்தானே! அவள் காபி போட உள்ளே போன சமயம் எடுத்தேன். பெருமை தாங்காமல் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டும் விட்டேன்.

அடுத்த வாரம் மன்னார்குடியில் அண்ணன் மகள் கல்யாணம். போனதும் அண்ணன் ஒரு தாம்பூலப் பையைத் தூக்கிக் காட்டினான்.

“நீ குரூப்ல போட்ட கண்ணன்தான், பாரு! கண்ணு இல்லாம இருந்துச்சா, பிரஸ்காரன் கம்ப்யூட்டர்லயே போட்டுட்டான்.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படம் போடுகிற பெண்ணையும் கல்யாணத்துக்கு அழைத்திருந்தேன். அவள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது நானே ஓடிப்போய், தேங்காய் போட்டு, அந்தப் பையைக் கையில் கொடுத்தேன். “யாரு வரைஞ்சதுன்னு பாரு!” என்று சிரிப்பு வேறு. கூறுகெட்ட ஜென்மம் நான்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“இந்தக் கண்ண யாருக்கா தொறந்தாங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. “அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாதும்மா...” என்று பழியை அவன் தலையில் போடப் பார்த்தேனே, அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது. அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் எத்தனையோ நல்ல நாள் போயிற்று. படம் வரவில்லை. கேட்க எனக்கு வாயும் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் போனேன். கண்ணன் சுவரோரம் இருந்தான். உடம்பெல்லாம் தங்கம், கண் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக.

“கோவமாம்மா?” என்றேன்.

“அதெல்லாம் ஆறிப்போச்சுக்கா. குளிச்சிட்டு உக்காரத்தான் செய்யறேன். பிரஷ்ஷை எடுத்தா அந்தப் பையில இருந்த கண்ணுதான் வருது. நான் நெனச்சு வச்சிருந்தது வரவே மாட்டேங்குது.”



“இருங்க, காபி கொண்டாரேன்” என்று அவள் உள்ளே போனாள். இன்னமும் என்னை நம்பி அந்தப் படத்தோடு தனியாக விட்டுவிட்டுப் போகிறாளே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.