சாமி அறையில் வளர்ந்தது

லண்டனில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைக்கூடக் குளிர்காலம் தாண்டிக் காப்பாற்றத் தெரியாத மனிதர் என் கணவர். தோர்ண்டன் ஹீத்தில் தமிழ்க் கடைகளில் வாங்கிவந்த கன்றுகள் எல்லாம் எங்கள் குசினி யன்னலோரத்தில் மார்கழிக்குள் மொட்டைக் குச்சியாகிச் செத்துப்போகும். "உங்கட கைராசி அப்பிடி" என்று நான் பகிடி பண்ணுவேன். அதே கை கஞ்சாவைத் தொட்டதும் அது எப்படித்தான் அப்படிச் செழித்ததோ! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொடக்கத்தைச் சொன்னால் அவர்மேல் கோபப்பட முடியாது. வேர்ஹவுஸில் பாரம் தூக்கி முதுகு போய்விட்டது. டாக்டர் கொடுத்த குளிசைகள் அவரை மரக்கட்டை மாதிரி ஆக்கினவே தவிர நித்திரையைக் கொடுக்கவில்லை. கூட வேலை செய்த ஒருவன் கொஞ்சம் சுருட்டிக் கொடுத்திருக்கிறான். பின்வளவு ஷெட்டுக்குள் நின்று இரண்டு இழுவை இழுத்துவிட்டு வந்து படுத்தார். மாதக்கணக்கில் முனகிக்கொண்டு கிடந்த மனிதர் குறட்டை விட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷத்தில் அழுதேன், அதை மறைக்கமாட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். "வெளியில வாங்கிறதெண்டால் கண்ட கண்ட காவாலியளோட பழகவேணும். வீட்டில ரெண்டு செடி நிண்டால் ஆருக்கு என்ன?" என்று தொடங்கினார். மாடியில் இருந்த சின்ன அறைக்குள் அலுமாரி அளவில் ஒரு கறுப்புக் கூடாரம் வந்தது. அதற்குள் ஒரு விளக்கு, ஒரு காற்றாடி, மணத்தைப் பிடிப்பதற்கென்று ஒரு பெரிய உருளை. இரண்டு செடி என்றவர் பிறகு எண்ணிக்கையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. முதுகு நோவென்று பால் பெட்டியைத் தூக்க ஏலாத மனிதர், மண் மூட்டையை மட்டும் மாடிக்குக் கொண்டுபோனார். வலிக்கு மருந்து என்று தொடங்கியது பைத்தியமாய் முடிந்தது. இலையைத் தடவித் தடவிப் பார்ப்பார், படம் எடுப்பார். என் முகத்தை அவர் அப்படிப் பார்த்து எத்தனை காலமோ!

அந்த அறை எங்கள் சாமி அறை. சாமிப் படங்களை எல்லாம் நான் என் உடுப்பு அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். முருகா, மன்னித்துக்கொள் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டுதான் அலுமாரியைத் திறப்பேன்.

அந்தக் கூடாரத்துக்கு நேர் கீழே, முன்னறையில்தான், என் பிழைப்பு. நான் வீட்டில் பிள்ளை பார்க்கிறவள், அனுமதி எடுத்துச் செய்கிறவள். வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் கொண்டுவந்து விடுவார்கள், மாலையில் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்போது என்னிடம் மூன்று குஞ்சுகள். சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி வந்து வீட்டைச் சோதிக்கலாம். 'கஞ்சா' என்ற சொல் இந்த வீட்டு வாசலைத் தாண்டினால் என் அனுமதி போய்விடும். அது போனாலும் எங்காவது கோப்பை கழுவிப் பிழைத்துக்கொள்வேன். ஆனால், இரண்டு வயதுப் பிள்ளையை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் பஸ்ஸுக்கு ஓடுகிறாளே ஒருத்தி, அவளுக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்? எனக்கு அந்தப் பயம்தான்.

அந்த ஒருத்தி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவளுடைய மகள் மூன்றிலும் மூத்தவள், சரியான வாய்க்காரி. தாய்க்குப் பிந்திய ஷிப்ட் வரும் நாட்களில் தாயின் தம்பி வந்து கூட்டிக்கொண்டு போவான். ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. பண்பான பெடியன் என்றுதான் நான் நினைத்தேன். பிள்ளைகள் தவழ்கிற வீடென்பதால் சப்பாத்தோடு உள்ளே வரக்கூடாதென்பது என் சட்டம். அவனுக்கு அதை இரண்டாம் தரம் சொல்ல நேர்ந்ததில்லை. ஒரு குதிக்காலால் மற்றதை மிதித்துக் கழற்றி, சுவரோடு ஒதுக்கிவிட்டுத்தான் வருவான். மருமகள் ஓடிப்போய் அவனுடைய பாதத்தின்மேல் குந்தி முழங்காலைக் கட்டிப்பிடிப்பாள். அவன் அவளையும் சுமந்துகொண்டு 'யானை, யானை' என்று நடப்பான். வேறு ஆருக்கும் அவள் அப்படிச் செய்யமாட்டாள்.

ஒருநாள் தாய்க்காரி பிள்ளையை விட்டுவிட்டுத் தயங்கி நின்றாள்.

"அன்ரி, இண்டைக்குக் கார் ஓடுற டெஸ்ட். ஒருக்கா மேல போய் உங்கட சாமி அறையில கும்பிட்டிட்டுப் போகட்டோ?"

மேலே காற்றாடி உறுமிக்கொண்டிருக்கிறது. என் வாய் அவசரத்துக்கு ஒரு பொய்யைப் பிடித்தது.

"பிள்ளை, நான் இண்டைக்குத் துடக்கு. அறையைத் திறக்க ஏலாது."

மாதத் தீட்டென்று சொன்ன பிறகு எந்தத் தமிழ்ப் பெண்தான் வாய் திறப்பாள்? தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே ஒரு பெருமை. டெஸ்ட் பாஸ் பண்ணி வந்து நன்றி சொல்லிக் கும்பிட வேண்டும் என்றாள், அப்போதும் துடக்கு. பிறகு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க எண்ணெய் கொண்டுவந்தாள், அன்றைக்கும் துடக்கு. நேர்ஸ் அல்லவா? என்னைத் தனியே குசினிக்குள் கூப்பிட்டாள்.

"பிழையா நினையாதேங்கோ அன்ரி. உங்கட வயசில இப்பிடி அடிக்கடி வாறது நல்லதில்லை. ஜீபி டாக்டரிட்டக் காட்டினனீங்களோ?"

"காட்டுறன் பிள்ளை, காட்டுறன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். என்னைப் பற்றி அப்படிக் கவலைப்பட்ட பிள்ளையிடம் பொய் சொல்லிக்கொண்டு நின்றது எனக்கு வெட்கமாகவே இருந்தது.

செடிகள் பூக்கத் தொடங்கியதும் அந்த உருளையால் மணத்தை அடக்க முடியவில்லை. அழுகிய தேசிக்காயையும் ஈரச் சாக்கையும் ஒன்றாகப் போட்டது மாதிரி ஒரு மணம், படி வழியே இறங்கி வரும். நான் காலையும் மாலையும் சாம்பிராணி போட்டேன். நெத்தலிக் கருவாடு பொரித்தேன். எங்கள் வீடு கோயில் பாதி, மீன் சந்தை பாதியாகிவிட்டது. ஒரு மாலை தாய்க்காரி சப்பாத்தை மாட்டிக்கொண்டே சிரித்தாள்.

"உங்கட சாமி அறையைப் பற்றித்தான் நேற்று வீட்டில கதைச்சனாங்கள். எப்பவும் பூட்டு, எந்த நேரமும் சாம்பிராணி எண்டு சொன்னன். தம்பி கேட்கிறான், அன்ரி அந்தச் சாம்பிராணியை எங்க வாங்கிறவ எண்டு."

நானும் சிரித்தேன். கடையின் பெயரையும் சொன்னேன். மூளை என்று ஒன்று எனக்கு அன்றைக்கு வேலை செய்யவில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாய் நடக்கத் தொடங்கியது. குப்பை எடுக்கும் நாளில் எங்கள் வாசலில் மட்டும் கறுப்புப் பை திறந்து கிடந்தது. நான் கட்டிப் போட்ட பழைய மண்ணும் காய்ந்த இலையும் நடைபாதையில் பரவியிருந்தன. "நரியப்பா. இந்த ஊரில நரிக்கென்ன குறைச்சலோ" என்றார் இவர். நரி கிழித்தால் பை கந்தலாய்க் கிடக்கும். இது மேலிருந்து கீழாக நேர்கோட்டில் வெட்டப்பட்டிருந்தது. நான் அந்தப் பையைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் விரித்துக் காட்டினேன். பார்த்துவிட்டு மாடிக்குப் போனார். அடுத்த வாரம் பின்வளவுக் கதவின் கொளுவி கழன்று கிடந்தது. அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கத் தொடங்கியது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் அதில் இருப்பான். நான் திரைச்சீலையை விலக்கினால் போய்விடுவான்.

"இஞ்சருங்கோ, உந்தக் கண்டறியாத செடியை இண்டைக்கே வெட்டி எறியுங்கோ. மடியில நெருப்பைக் கட்டிக்கொண்டு என்னால பிள்ளையளைப் பார்க்க ஏலாது."

"இன்னும் கொஞ்ச நாளப்பா. பூ முத்தட்டும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்திட்டு இப்ப வெட்டுறதே?"

"அந்தப் பூவை என்ர பாடையில வையுங்கோ!"

அவர் கெஞ்சினார், நான் கத்தினேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வெட்டுவதாகச் சத்தியம் பண்ணினார். அந்த ஞாயிறு வரவே இல்லை.

வியாழன் முற்பகல். இவர் முதுகுக்குப் பயிற்சி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சின்னவர்கள் இருவரும் நித்திரை. மூத்தவள் தரையில் உட்கார்ந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. பார்சலாக்கும் என்று திறந்தேன்.

இரண்டு பேர். தலையில் ஹெல்மெட், மூக்கு வாய் எல்லாம் துணி, கைகளில் கையுறை. முன்னால் வந்தவன் என்னைத் தள்ளவில்லை. கதவைத்தான் தள்ளினான். சத்தம் போடாமல் இரு, மாடியில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். என் ஃபோனை வாங்கி ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தான். நான் கத்தமாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் உள்ள வீட்டில், பிள்ளைகள் உள்ள நேரம் பார்த்து வந்தார்கள்.

அவன் சப்பாத்தோடு படியேறினான். பின்னால் வந்தவன் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டு ஒரு குதிக்காலால் மற்றதை மிதித்து, இரண்டு சப்பாத்தையும் கழற்றி, சுவரோடு ஒதுக்கினான்.

களவெடுக்க வந்தவன் சப்பாத்தைக் கழற்றுகிறான்! அவன் செய்ததை அவனே கவனிக்கவில்லை. காலுறையோடு சத்தமில்லாமல் ஏறிப்போனான். வேறு ஆராகவும் இருக்கலாம், நம்முடைய பெடியன்கள் எல்லாரும் அப்படித்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே கதவு உடையும் சத்தம் கேட்டது. சின்னவர்களில் ஒருவன் சிணுங்கினான். நான் தட்டிக்கொடுத்தேன்.

செடிகளைக் கறுப்புப் பைகளில் திணித்துக்கொண்டு இறங்கினார்கள். படி முழுக்க இலை. முன்னவன் வெளியே போய்விட்டான். மற்றவன் கடைசிப் படியில் கால் வைத்தபோது மூத்தவள் முன்னறையிலிருந்து எழும்பி ஓடினாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவள் அவனுடைய பாதத்தின்மேல் குந்தி முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணாந்து அந்த மூடிய முகத்தைப் பார்த்து "யானை!" என்றாள்.

அவன் அப்படியே நின்றான். இரண்டு கையிலும் பை. உதறிவிட்டுப் போயிருக்கலாம், உதறவில்லை. பிள்ளையைச் சுமந்த காலை மெல்லத் தூக்கி வைத்து, என்னை நோக்கி இரண்டு அடி நடந்தான். அவள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். அவளுடைய விரல்களை நான் ஒவ்வொன்றாய்ப் பிரித்து எடுத்தேன். சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனான். பிள்ளை கதவுக்குக் கையை நீட்டி நீட்டி அழுதாள்.

பொலிசுக்கு என்ன சொல்வது? எங்கள் கஞ்சாவைக் களவெடுத்துவிட்டார்கள் என்றா? நான் இலைகளைக் கூட்டி அள்ளினேன், படியைத் துடைத்தேன், பிள்ளைகளுக்குச் சோறு தீத்தினேன். இவர் வந்து வெறும் கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். சாமிப் படங்களை வெளியே வைத்தபோது அழாத மனிதர்!

"நல்லா அழுங்கோ! நாசமாய்ப் போன செடிக்கு அழுங்கோ! கீழ மூண்டு பிள்ளையள் இருந்ததே, அதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததோ?"

வந்தது ஆரென்று நான் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்த உடைந்த முதுகோடு சண்டைக்குப் போவார். தாய்க்காரிக்குச் சொல்லத்தான் ஃபோனை எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன். உன் தம்பி இப்படிச் செய்தான் என்று சொல்லலாம். எதை எடுக்க வந்தான் என்று கேட்பாளே? அவளுடைய பிள்ளை விளையாடிய அறைக்கு மேலே நான் எதை வைத்திருந்தேன் என்று சொல்லவேண்டி வருமே? ஐயோ கடவுளே, எந்தப் பக்கத்தால் தொடங்கினாலும் என் வீட்டில்தான் வந்து முடிந்தது.

மாலையில் மணி அடித்தது. அவளாக இருக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டே திறந்தேன்.

அவன் நின்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. சவரம் செய்து, தலை வாரி, எப்போதும் போல.

"அக்காவுக்கு இண்டைக்கு லேட் அன்ரி. நான் கூட்டிக்கொண்டு போறன்."

தாய் அனுமதித்த ஆள். பிள்ளையைத் தரமாட்டேன் என்றால் காரணம் கேட்பார்கள். நான் அவளுடைய கோட்டை எடுத்தேன். ஒரு பொத்தானைப் போட்டுவிட்டு நின்றேன். அவன் குனிந்து, மீதிப் பொத்தான்களைப் போட்டு, அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். அவள் அவனுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் தலையைச் சாய்த்தாள்.

"அங்கிள் நல்லா வளர்க்கிறார் அன்ரி" என்றான், மெதுவாக, மரியாதையாக. "விட்டிட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. திரும்பப் போடச் சொல்லுங்கோ."

நான் அவனுடைய தோளில் கிடந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். கண் சொருகத் தொடங்கியிருந்தது.

"இனி ஒவ்வொரு நாளும் நான்தான் வருவன். சரியோ அன்ரி?"

"ஓம் தம்பி" என்றேன்.