ஒரு கிளாஸ் வைனும் ரோஸலின் மிஸ்ஸி கேட்ட மன்னிப்பும்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை அட்டன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது ரோஸலின் மிஸ்ஸியின் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். "சேர், பெரியம்மா விடியக்காலையில போயிட்டாங்க. நிமோனியான்னு நுவரெலியா ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம்..." நான் ஏற வேண்டிய பஸ் என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டது. லிந்துலை வழியாகப் போகும் பஸ்ஸைத் தேடி ஏறிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் அழைப்போம். லிந்துலைக்கு அருகே ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர் தாதி, நான் மருந்து கொடுப்பவன். பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். வாய் கொஞ்சம் கடுமைதான். ஒருமுறை நான் எழுதிக் கொடுத்த மருந்து உறையை நோயாளியிடமிருந்து வாங்கிக்கொண்டு என் ஜன்னலுக்கே வந்துவிட்டார். "இது நீங்க எழுதினதா சேர், இல்ல கோழி கிளறினதா? இந்தக் கிழவி எத்தனை மாத்திரை போடணும்னு நான் கனவு காணவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு அந்தக் கோபம் இரண்டு நாள் இருந்தது. அவருக்கோ பத்து நிமிடத்தில் மறந்துபோயிற்று.

லீவு நாட்களில் அவர் தேயிலைத் தோட்டங்களுக்குப் போவார். நெஞ்சு வலி, சீனி வியாதி, பிரஷர் பற்றித் தொழிலாளர்களிடம் பேசுவார். கூப்பிடாத இடத்துக்கும் போவார். அப்படி ஒரு தோட்டத்தின் கிளப் மண்டபத்தில் பேசியபோது ஒருவர் எழுந்து கேட்டிருக்கிறார்: "மிஸ்ஸி, அளவா குடிச்சா நெஞ்சுக்கு நல்லதாமே?"

"சாராயம் ஆகவே ஆகாது" என்றாராம் மிஸ்ஸி. "சிவப்பு வைன் மட்டும் ஒரு சின்ன கிளாஸ் நல்லதுன்னு சொல்றாங்க. நானும் ராத்திரி சாப்பாட்டோட எடுக்கிறேன்."

பத்திரிகையில் வாசித்ததை நம்பித்தான் சொன்னார். நானும் அதை நம்பியிருந்தேன். நத்தார்ப் பண்டிகைக்கு அவர் தந்த வைனை நெஞ்சுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே குடித்தவன்தான் நான்.

அன்று அந்த மண்டபத்தில் கணேசன் இருந்தார். தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை ஏற்றும் லொறியின் சாரதி. ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர். அதன்பிறகு நாலு வருடமாகச் சாராயத்தைத் தொடாதவர். மிஸ்ஸியின் பேச்சைக் கேட்டு, தலவாக்கலையில் ஒரு போத்தல் வைன் வாங்கி வந்தார். முதல் வாரம் ஒரு கிளாஸ், அடுத்த வாரம் இரண்டு. வைன் தீர்ந்தபோது பழைய சாராயக் கடைக்கே நடந்துவிட்டார். இரண்டு மாதத்தில், நெஞ்சு தாறுமாறாக அடிக்க, எங்கள் வார்ட்டில் கொண்டுவந்து போட்டார்கள்.

அவருடைய மனைவி புஷ்பம் மிஸ்ஸியைக் கண்டதும் கத்தினார். "நாலு வருசமா என் வீட்டுல நிம்மதியா சோறு தின்னோம். மிஸ்ஸியே சொல்லிட்டாங்கன்னுதான் இந்த மனுசன் மறுபடி தொட்டாரு. இப்ப நீங்களே ஊசி போட வந்திருக்கீங்க!"

பக்கத்தில் நின்ற இளம் டாக்டர், "மிஸ்ஸி ஒரு கிளாஸ்னுதானே சொன்னாங்க அம்மா" என்று குறுக்கிட்டார்.

மிஸ்ஸி அவரைக் கையமர்த்தினார். "இல்ல டாக்டர். குடிய விட்ட மனுசனுக்கு ஒரு கிளாஸ்னு ஒரு அளவே கிடையாது. அவரு அங்க உக்காந்திருந்தாரு. நான் பார்த்துப் பேசியிருக்கணும்." பிறகு கட்டிலைச் சுற்றிப் போய்ப் புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன மன்னிச்சிருங்க, புள்ள." புஷ்பம் கையை உதறிவிட்டார். மிஸ்ஸி அங்கேயே நின்றார். அன்று அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த லீவு நாளில் நுவரெலியாவுக்குப் போய், நெஞ்சு நோய் டாக்டரைக் காத்திருந்து பார்த்தார். கேட்டதையெல்லாம் கொப்பியில் எழுதி வந்தார். பிறகு அதே கிளப் மண்டபத்தில் அதே ஆட்களைக் கூட்டித் தரும்படி தோட்டத்துத் தலைவரிடம் கேட்டார். தலைவர் தயங்கினார். "எதுக்கு மிஸ்ஸி? இதச் சொன்னா நாளைக்கு நீங்க பேசுறத யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்காட்டிப் பரவாயில்ல. நான் சொன்னதக் கேட்டு எத்தன பேரு போத்தல் வாங்கியிருக்காங்களோ, அவங்க காதுல விழணும்."

அந்தக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். "நான் போன தடவ சொன்னது தப்பு" என்றுதான் தொடங்கினார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. "கொஞ்சமா வைன் குடிக்கிறவங்க நெஞ்சு நல்லா இருக்குன்னு ஆராய்ச்சியில பார்த்தாங்க. ஆனா அவங்களுக்கு நல்ல சாப்பாடு இருக்கு, ஓய்வு இருக்கு, தலவலின்னா அன்னைக்கே டாக்டர் இருக்காரு. நாம கிளாஸப் பார்த்தோம், பக்கத்துல இருந்த தட்டப் பார்க்கல. குடிக்காதவங்கன்னு கணக்குல வச்சவங்கள்ல, நோய் வந்து குடிய விட்டவங்களும் இருந்திருக்காங்க. அவங்களோட ஒப்பிட்டா குடிக்கிறவன் நல்லாத்தானே தெரிவான்? கொஞ்சமா குடிச்சாலும் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடுதுங்கிறாங்க. குடிக்காதவங்க நெஞ்சுக்குன்னு தொடங்க வேணாம். விட்டவங்க தொடவே வேணாம். வைன்ல இருக்குன்னு சொல்ற பழத்துச் சத்து வேணும்னா திராட்சையத் தின்னுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "அப்ப நீங்க குடிக்கிறது மிஸ்ஸி?"

"நெஞ்சுக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உண்மையில எனக்கு அந்த ருசி பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான். இப்ப விட்டுட்டேன்."

என் உத்தியோக காலத்தில் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். தான் சொன்னது தப்பு என்று சொல்லவே ஒரு கூட்டம் கூட்டியவரை வேறு கண்டதில்லை.

கணேசன் வீடு திரும்பிய பிறகு சனிக்கிழமைதோறும் மிஸ்ஸி தோட்டத்திலிருந்த அவருடைய லயத்து வீட்டுக்கு நடந்தார். முதல் மூன்று வாரம் புஷ்பம் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே பிரஷர் பார்த்துவிட்டுத் திரும்பினார். நாலாம் வாரம் மழை. "நனையாம உள்ள வாங்க" என்றாராம் புஷ்பம். இடையில் கணேசன் இரண்டு முறை தவறினார். இரண்டு முறையும் மிஸ்ஸி திட்டித் தீர்த்தார், மறு சனிக்கிழமை மறுபடி போனார். ஓய்வுபெற்ற பிறகும் அந்த நடை நிற்கவில்லை. கணேசன் குடியை விட்டு இப்போது ஆறு வருடமாகிறது.

வியாழக்கிழமை அடக்கம். ஆலயத்தில் பாஸ்டர், "யாராவது பேசுகிறீர்களா?" என்று கேட்டபோது புஷ்பம் எழுந்து முன்னால் வந்தார். "மிஸ்ஸிய நான் ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் முன்னால ஏசினேன். அவங்க ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. எங்ககிட்ட யாருங்க வந்து மன்னிப்புக் கேட்டிருக்காங்க? அவங்க கேட்டாங்க." அவ்வளவுதான் பேசினார்.

மழைத்தூறலில், அடக்கம் செய்யும் மையவாடிக்கு ஏறினோம். செங்குத்தான மண் பாதை. பெட்டிக்குத் தோள் கொடுக்கக் கணேசன் வந்தார். அவருடைய நெஞ்சு நிலை தெரிந்தவர்கள், "நீங்க தூக்காதீங்கண்ணே" என்று விலக்கிவிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனார். தூக்கி வருகிறவர்களின் கால் இடறாமலிருக்க, பாதையில் கிடந்த கற்களைக் குனிந்து குனிந்து பொறுக்கி ஓரத்தில் போட்டுக்கொண்டே மேலே வரை நடந்தார்.

அவர் ஒதுக்கிய பாதையில்தான் நாங்கள் உங்களைக் கொண்டுபோனோம், மிஸ்ஸி. நிம்மதியாக உறங்குங்கள்.