ஏழாவதில் பொய்த்த சூத்திரம்

நான் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவள். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது வரிசைமாற்றங்களை எண்ணும் வேலை. ஒன்றிலிருந்து நான்குவரை உள்ள எண்களை இருபத்து நான்கு விதமாக வரிசைப்படுத்தலாம். அடுத்தடுத்த எண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டால் தேறுவது இரண்டே: 2413, 3142. ஒன்றைத் திருப்பிப் படித்தால் மற்றது. இதற்குமேல் நான் இன்னொரு நிபந்தனையும் போட்டிருந்தேன். அதை விளக்கினால் நீங்கள் இப்போதே மூடிவைத்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

ஆறு எண்கள்வரை கையால் எண்ணி, அத்தனைக்கும் பொருந்துகிற ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடித்திருந்தேன். நிரூபணமும் எழுதியாகிவிட்டது என்ற மிதப்பு. ஏழுக்கு எண்ணிப் பார்க்கவில்லை. நான் எண்ணித் தருகிறேன் என்று முன்வந்தவர் என் கணவர்.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. பித்தளையில் ஏழு வில்லைகள் கடைந்து, எண் குத்திக்கொண்டு வந்தார். சாயங்காலம் குளித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் அவற்றை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். நிபந்தனைக்குள் வருவதை மட்டும் நோட்டில் எழுதுவார். நான்கு மாதம் இப்படி. காபி கொடுத்ததோடு சரி, நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அதை நினைத்தால்தான் இப்போது தாங்க முடியவில்லை.

ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது நோட்டோடு வந்து நின்றார்.

"ஏட்டி, உன் கணக்கவிட ரெண்டு கூட வருது. பைய ஒருக்கா பாரேன்."

பார்த்திருக்கலாம். அரை மணி நேர வேலை. அவரோடு தொழில் செய்கிற அண்ணாச்சி ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டே சொன்னேன்: "இது இரும்பக் கடையிற வேலை இல்ல. நீங்க எண்ணுனது தப்பு."

சிரித்துக்கொண்டே நோட்டை மூடினார். அதற்குப் பிறகு வில்லைகளைத் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பட்டறையில் விழுந்துவிட்டார். வண்ணார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தோம். உயிர் தப்பியது, வலது பக்கம் வாதம். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. எண்கள் போயே போய்விட்டன. விரல்களைக் காட்டினால் மூன்றா நான்கா என்று தெரியாமல் விழிப்பார்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகுதான் தேர்வாளரின் அறிக்கை வந்தது. கணினியில் ஓட்டிப் பார்த்தாராம். ஏழு எண்களுக்கு என் சூத்திரம் இரண்டு குறைவாகக் காட்டுகிறது, ஆகவே நிரூபணத்தில் பிழை இருக்கிறது என்று எழுதி, விட்டுப்போன இரண்டு வரிசைகளையும் கொடுத்திருந்தார். என் கணவரின் நோட்டைத் தேடி எடுத்தேன். இரண்டும் அவர் கையெழுத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று டிக். மூன்று தடவை சரிபார்த்திருக்கிறார் மனுஷன்.

பட்டம் தள்ளிப்போனதற்கு நான் அழவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"அத்தான், நீங்க எண்ணுனதுதான் சரி. தப்பு பண்ணுனது நாந்தான்."

திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை, நோட்டையே பார்த்தார். அது என்னவென்று அவருக்குத் தெரிந்தது. முகம் சுண்டிப்போனது. இடது கையால் மெதுவாக மூடி, என் பக்கம் தள்ளினார்.

"தப்பு," என்றார். "இனி எண்ணலட்டி."