உப்பு ஆட்டம்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நாற்பத்திரண்டு வயதில், முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கப் போகிற, பிழைக்க மலேசியா வந்த முடிவெட்டுகிறவன் ஒருவன், தைப்பிங்குக்குப் போய், பழைய சாமான் கடையில் யாரும் சீண்டாத படக்குழாய் டிவி ஒன்றை வாங்கி, மழையில் இரண்டு பஸ் மாறி, மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு ஈப்போ வந்து சேர்ந்தான். புந்தோங் பஸ்ஸின் மலாய் டிரைவர் என்னையும் டிவியையும் பார்த்து, "ரோசாக்கா?" என்றார். கெட்டுப்போனதா என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த மலாய் தலைமுடியோடு முடிந்துவிடும்: குட்டையா, நீளமா, மீசையைத் தொடலாமா. அதனால் பொதுவாகத் தலையாட்டி வைத்தேன். நல்ல மனிதர். நிறுத்தமே இல்லாத இடத்தில், பழைய இரும்புக் கடை வாசலில், எனக்காகவே பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். அவர் மனம் நோகக் கூடாதே என்று இறங்கினேன். பஸ் மறையும்வரை இரும்புக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மிச்சத் தூரத்தை நனைந்தபடி நடந்தேன்.

இத்தனையும் ஒரு வீடியோ கேமுக்காக. என்னிடம் முடி வெட்டிக்கொள்ள வரும் அந்தோணி அண்ணன் பீடோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர், இப்போது புந்தோங்கில் லாரி ஓட்டுகிறார். ஒருநாள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். "லயத்துப் பிள்ளைங்க எல்லாம் இதுலதான் அடிச்சுக்குவோம். லயத்த இடிச்சு, புது வீடு கட்டி, தாமான்னு பேரு வச்சிட்டான். இது மட்டும்தான் மிச்சம். ரோசாக் ஆகல, நீ வச்சுக்கோலா." உள்ளே கிடந்த கேசட்டைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். நாற்காலியில் பாதித் தலையோடு ஒருவர் காத்திருந்தார். புது டிவிகளில் அந்த மஞ்சள், வெள்ளை வயர்களைச் செருக ஓட்டை இல்லை. ஆகவேதான் தைப்பிங்.

அதே கேசட் வேதாரண்யத்தில் எங்கள் வீட்டிலும் இருந்தது. வெள்ளைத் தரையில் பொம்மை ஆட்கள் கட்டையோடு வழுக்கி ஓடி, கறுப்பு வில்லை ஒன்றை வலைக்குள் தள்ள வேண்டும். அதற்கு ஐஸ் ஹாக்கி என்று பெயர் இருப்பது இப்போது தெரியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெள்ளைத் தரை என்றால் உப்பளம்தான். "அங்கயும் பாத்தி கட்டி உப்பு எடுப்பாங்கடா. வேல முடிஞ்சதும் இப்படி வெளயாடுவாங்க" என்று அக்கா விளக்கினாள். நான் அதைத் தெரு முழுக்கப் பரப்பினேன். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று வெறுங்காலோடு உப்புப் பாத்தியில் வழுக்கப் போய், குதிகாலைக் கிழித்துக்கொண்டு வந்தேன். ஆட்டத்தில் அக்காவை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஜாய்ஸ்டிக் சரியில்லை என்பேன். மாற்றிக் கொடுப்பாள். அதிலும் தோற்பேன்.

அந்த அக்கா என்னோடு பேசி நான்கு மாதமாகிறது. அவள் மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். மாலை போட்டுப் பெண்ணை மணையில் உட்கார வைக்க வேண்டியவன். என் பாஸ்போர்ட், பெர்மிட் புதுப்பிக்கப் போன இடத்திலிருந்து திரும்பவில்லை. வராது என்று இரண்டு வாரம் முன்பே எனக்குத் தெரியும். சொல்ல வாய் எழவில்லை. "வந்துட்டே இருக்கேன், எல போட்டு வைங்க" என்று ஜோக்கடித்துக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னது முந்தின நாள்தான். அவள் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள். பிறகு போட்டோக்கள் வந்தன. ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கித் தேடினேன். என் இடத்தில் நின்று மாலை போட்டவன் யார்? பெரியப்பா மகனா? மாலை போடும் படம் மட்டும் அதில் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று ஊரார் தலைகளைச் சுற்றிவருகிறவனுக்கு யோசிக்க வேறு வேலையும் இல்லை. கேட்கத்தான் தைரியமில்லை.

கடை விடுமுறையன்று அந்தோணி அண்ணனை வரச்சொல்லி, டிவியில் வயர்களைச் செருகினேன். எனக்கு மதியம் இரண்டரை, அவளுக்குப் பன்னிரண்டு. ஒன்பது வருடமாக அவளுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன். எதற்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. வெளியே மழை. ஊரில் மழை வந்தால் உப்பு கரையுமென்று பயம், இங்கே மழை வராவிட்டால்தான் ஆச்சரியம். வீடியோ கால் போட்டு, என் போனை டிவி தெரியும்படி வைத்தேன். அங்கே அக்கா மகள் போனைச் சாய்த்து வைத்தாள். அக்கா வெயில் விழும் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒனக்காக அந்தோணி அண்ணன் ஆடுவாரு. நீ சொல்லு, அவரு அமுக்குவாரு" என்றேன். நிமிரவில்லை. நான் ஒரு கோல் போட்டேன். இரண்டாவதும் போட்டேன். மூன்றாவதில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, எடது பக்கம் வாங்க. ம், அடிங்க."

அந்த "அடிங்க" கடல் தாண்டி வருவதற்குள் வில்லை எங்கோ போய்விட்டது.

"இப்ப அடிக்கவா தங்கச்சி?"

"அது போயி ரொம்ப நேரமாச்சு."

"லைன் ஸ்லோலா. நடக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிரு."

"முன்னாடியே சொல்ற பழக்கம் எங்க குடும்பத்துல கெடையாதுண்ணே. பக்கத்துல ஒக்காந்திருக்கானே, அவனக் கேளுங்க."

அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒன்னத்தான் சொல்லுது மச்சான்." பிறகு போன் பக்கம் திரும்பி, "இவன் தெனமும் அந்தச் சடங்கு போட்டோவத்தான் பாத்துக்கிட்டு இருக்கான், தங்கச்சி" என்று போட்டுக்கொடுத்தார்.

"ஆட்டத்தப் பாக்கச் சொல்லுங்க அவன."

எட்டுக்கு ஒன்று. வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவை ஜெயித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அலுப்பான வேலை என்று தெரிந்திருந்தால் சின்ன வயதில் அதற்காக அழுதிருக்க மாட்டேன். ஜாய்ஸ்டிக்கைப் பாயில் வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன்.

"அக்கா, மாலை போட எனக்குப் பதிலா யார நிக்க வச்சீங்க?"

அந்தோணி அண்ணன் அமுக்குவதை நிறுத்தினார். தகரக் கூரையில் என் ஊர் மழை இரைந்தது, போனுக்குள் அவள் ஊர் வெயில் கண்ணைக் கூச வைத்தது. செதிள் ஒட்டிய புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அக்கா நேராக என்னைப் பார்த்தாள்.

"யாரையும் நிக்க வைக்கல."